மஞ்சு இளவரசர் பட்டங்கள்: பரம்பரை உண்டு, ஆனால் படி இறங்கும்

சீன அரண்மனைத் தொடர்களைத் துணைவரிகளோடு பார்க்கிறவர்களுக்கு ஒரு குழப்பம் வந்தே தீரும். திரையில் ஒருவரைப் 'பெய்லே' என்று அழைக்கிறார்கள், இன்னொருவரை 'வாங்யே' என்கிறார்கள். துணைவரியில் இருவரும் 'இளவரசர்'. சில காட்சிகள் கழித்துப் பார்த்தால், பேரரசரின் நேர்வழிக் கொள்ளுப்பேரன் 'தளபதி' என்ற பட்டத்தோடு கடைசி வரிசையில் நிற்கிறான். இத்தனைக்கும் அவன் ஒரு நாளும் போருக்குப் போனவன் அல்ல.

இந்தக் குழப்பங்களுக்கெல்லாம் வேர் ஒன்றுதான். பரம்பரைப் பட்டம் என்றதும், தகப்பன் உட்கார்ந்த இடத்தில் மகன் உட்காருவான் என்று நினைத்துக்கொள்கிறோம். 1644 முதல் 1912 வரை பெய்ஜிங்கிலிருந்து ஆண்ட சிங் வம்சத்தில் பொது விதி அதுவல்ல. தகப்பனுக்கு ஒரு படி கீழேதான் மகன் உட்கார வேண்டும், அவனுக்கு ஒரு படி கீழே அவன் மகன். படி இறங்காமல் அப்படியே கைமாறும் பட்டங்கள் விதிவிலக்குகள். அவற்றைத்தான் மக்கள் 'இரும்புத் தொப்பி' என்றார்கள். வம்சம் முடியும்போது அப்படிப்பட்ட வீடுகள் மொத்தம் 12.

யார் அரச குலம்?

மஞ்சுக்களின் ஆளும் குலத்தின் பெயர் ஐசின் கியோரோ. 'ஐசின்' என்றால் மஞ்சு மொழியில் பொன். 1616இல் அரசு நிறுவிய நூர்ஹாச்சியின் குலம் இது. ஆனால் குலத்தில் பிறந்த எல்லோரும் ஒரே தரம் இல்லை.

1. நூர்ஹாச்சியின் தந்தை தாக்ஷியின் வழித்தோன்றல்கள் 'சோங்ஷி'. இடுப்பில் மஞ்சள் கச்சை கட்டும் உரிமை இவர்களுக்கு மட்டும். நூர்ஹாச்சியின் தம்பிகள் வழி வந்தவர்களும் இதில் அடக்கம்.

2. அதற்கு மேலே பிரிந்த கிளைகள், அதாவது நூர்ஹாச்சியின் பாட்டனாருடைய சகோதரர்கள் முதலியோரின் வழி வந்தவர்கள், 'கியோரோ'. இவர்களுக்குச் சிவப்புக் கச்சை.

கடுங்குற்றம் செய்து குலத்திலிருந்து நீக்கப்பட்ட சோங்ஷிக்கு மஞ்சள் போய்ச் சிவப்பு வரும். நீக்கப்பட்ட கியோரோவுக்குச் சிவப்பு போய் ஊதா வரும். இளவரசர் பட்டங்கள் சோங்ஷிக்கு உரியவை. பட்டமே கிடைக்காத சோங்ஷி ஆண்களுக்கு மாதம் 3 லியாங் வெள்ளி, கியோரோ ஆண்களுக்கு 2 லியாங் என்று உதவித்தொகை உண்டு. ஒரு லியாங் சுமார் 37 கிராம்.

இவற்றையெல்லாம் பதிந்து காப்பது 'சோங்ரென்ஃபூ' என்ற அரசகுல மன்றத்தின் வேலை. 1652இல் அமைக்கப்பட்ட இந்த மன்றத்துக்குத் தலைவரும் ஓர் இளவரசரே. பிறப்பு, திருமணம், தத்து, இறப்பு, பட்டம் எல்லாம் இங்கே பதிவாகும். 10 ஆண்டுக்கு ஒரு முறை 'பச்சைமணி ஏடு' எனப்படும் குலக்கணக்கைப் புதிதாக எழுதுவார்கள். அதில் உயிரோடு இருப்பவர் பெயர் சிவப்பு மையில், இறந்தவர் பெயர் கறுப்பு மையில். பதிவு இல்லாதவருக்குப் பட்டமும் இல்லை, உதவித்தொகையும் இல்லை.

பன்னிரண்டு படிகள்

1636இல் ஹோங் தாய்ஜி முக்டென் நகரில் (இன்றைய ஷென்யாங்) பேரரசராக முடிசூடி, அண்ணன் தம்பிகளுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் பட்டங்களை வரிசைப்படுத்தினார். சியன்லோங் பேரரசர் காலத்தில் அது இறுதி வடிவம் பெற்றது. பட்டத்தின் பக்கத்தில் இருக்கும் எண் ஆண்டு மானியம், லியாங் கணக்கில்.

1. ஹோஷோய் சின்வாங்: 10,000
2. தோரோய் ஜுன்வாங்: 5,000
3. தோரோய் பெய்லே: 2,500
4. கூசாய் பெய்ஸே: 1,300
5. சென்குவோ குங்: 700
6. ஃபூகுவோ குங்: 500
7. எட்டுப் பங்கில் சேராத சென்குவோ குங்
8. எட்டுப் பங்கில் சேராத ஃபூகுவோ குங்
9. சென்குவோ தளபதி: முதல் வகுப்புக்கு 410
10. ஃபூகுவோ தளபதி: முதல் வகுப்புக்கு 310
11. ஃபெங்குவோ தளபதி: முதல் வகுப்புக்கு 210
12. ஃபெங்என் தளபதி: 110

9 முதல் 11 வரை ஒவ்வொன்றிலும் மூன்று வகுப்புகள். சின்வாங்கின் அறிவிக்கப்பட்ட வாரிசுக்கும் ஜுன்வாங்கின் வாரிசுக்கும் தனிப் பட்டங்கள் உண்டு. முறையே 6,000, 3,000 லியாங். வெள்ளியோடு அரிசியும் வரும்: ஒரு லியாங்குக்கு ஒரு 'ஹூ', சுமார் 50 லிட்டர்.

இந்தச் சொற்களைக் கொஞ்சம் உடைத்துப் பார்த்தால் பழைய மஞ்சு அரசியலின் தடம் தெரியும். 'ஹோஷோ' என்றால் மூலை, திக்கு. 'தோரோ' என்றால் முறைமை. 'கூசா' என்றால் கொடிப்படை. மஞ்சுச் சமூகமே எட்டுக் கொடிப்படைகளாகப் பிரிந்து வாழ்ந்தது. 'வாங்' சீனச் சொல்; தொடர்களில் வரும் 'வாங்யே' அதன் மரியாதை வடிவம். 'பெய்லே' மஞ்சுக்களின் சொந்தச் சொல். நூர்ஹாச்சி காலத்தில் அதுதான் தலைவனுக்குரிய உயர்ந்த பெயர். 'பெய்ஸே' அதன் பன்மை, அவ்வளவுதான். 1636க்குப் பிறகு சீன 'வாங்' மேலே ஏறி உட்கார, பெய்லே மூன்றாம் படிக்கு வந்தது, அதன் பன்மை நான்காம் படியாயிற்று. ஆகவே 1620களைப் பற்றிப் படிக்கும்போது வரும் 'பெய்லே' வேறு, 1720களின் 'பெய்லே' வேறு. முன்னது ஆட்சியில் பங்காளி; பின்னது மானியம் வாங்கும் மூன்றாம் படி உறவினர்.

கீழே உள்ள 'தளபதி' பட்டங்களுக்கும் படைக்கும் தொடர்பில்லை. அவை பிறப்பால் வரும் படிகள். தொடர்களின் துணைவரிகள் அதிகம் சறுக்கும் இடம் இதுதான்.

எட்டுப் பங்கு என்றால் என்ன?

பட்டியலில் 6க்கும் 7க்கும் நடுவே ஒரு கோடு போட்டுக்கொள்ள வேண்டும். தொடக்கக் காலத்தில் போரில் கிடைத்த கொள்ளையை எட்டுக் கொடிப்படைகளின் தலைவர்களும் சமமாகப் பங்கிட்டுக்கொண்டார்கள். அந்தப் பங்கில் இடம் பெற்றவர்கள் 'எட்டுப் பங்குக்குள்' இருப்பவர்கள். பங்கிடக் கொள்ளை இல்லாமல் போன பிறகும் கோடு அழியவில்லை. அது கௌரவச் சின்னங்களாக மாறியது. சிவப்புச் சக்கர வண்டி, ஊதாக் கடிவாளம், தொப்பி உச்சியில் இரத்தினம், இரண்டு கண் மயிலிறகு என்று அவற்றைச் சொல்வது வழக்கம்.

கோட்டுக்கு மேலே இருந்தாலும் எல்லாவற்றுக்கும் அளவு உண்டு. பேரரசரின் வாசற்கதவில் 9 வரிசைக்கு 9 குமிழ், ஆக 81. சின்வாங் வாசலில் 9க்கு 7, ஆக 63. ஜுன்வாங்குக்கு 45. தெருவில் நடந்து போகிறவன் கதவுக் குமிழை எண்ணியே உள்ளே இருப்பவரின் படியைச் சொல்லிவிடலாம். மனைவியின் பட்டமும் இப்படித்தான்: சின்வாங், ஜுன்வாங் மனைவியர் 'ஃபூஜின்'; பெய்லே முதல் கீழே 'ஃபூரென்'.

பட்டம் வரும் நான்கு வழிகள்

1. போர்ப்பணிக்காகக் கிடைத்தது. நாட்டை நிறுவிய தலைமுறைக்குக் கிடைத்த இந்தப் பட்டங்களிலிருந்துதான் இரும்புத் தொப்பி வீடுகள் பிறந்தன.

2. பேரரசரின் அருளால் கிடைத்தது. பேரரசரின் மகன் பிறந்ததுமே சின்வாங் ஆகிவிடுவதில்லை. 15 வயதானதும் அரசகுல மன்றம் விண்ணப்பிக்கும். எந்தப் படி, எப்போது என்பது தகப்பனின் விருப்பம். பின்னாளில் யோங்செங் பேரரசரான நான்காம் மகன் 1698இல் பெற்றது வெறும் பெய்லே பட்டம். சின்வாங் ஆக 1709 வரை காத்திருந்தார்.

3. வாரிசாகப் பெற்றது. ஒரு பட்டத்துக்கு ஒரே ஒரு வாரிசு. மூத்தவனாகத்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பேரரசரின் ஒப்புதல்தான் கட்டாயம்.

4. தேர்வெழுதிப் பெற்றது. வாரிசு ஆகாத மற்ற மகன்களுக்கு இதுதான் வழி. 20 வயதில் மஞ்சு மொழிபெயர்ப்பு, குதிரைமேல் வில், தரையில் நின்று வில் என மூன்று தேர்வுகள். மூன்றிலும் சிறந்தால் உரிய பட்டம் முழுதாக வரும். குறையக் குறையப் படியும் குறையும். மூன்றிலும் தோற்றால் ஒன்றும் இல்லை.

நான்காவதில் 'உரிய பட்டம்' எது என்பதைத் தாயின் நிலை தீர்மானிக்கும். சின்வாங்கின் பட்டத்து மனைவிக்குப் பிறந்த மற்ற மகன்களுக்கு எட்டாம் படி. இரண்டாம் நிலை மனைவியின் மகனுக்கு இரண்டாம் வகுப்புச் சென்குவோ தளபதி. அதற்கும் கீழே இருந்த துணைவியின் மகனுக்கு மூன்றாம் வகுப்பு ஃபூகுவோ தளபதி.

செங் வீட்டுச் சகோதரர்களைப் பாருங்கள். நூர்ஹாச்சியின் தம்பி மகன் ஜிர்கலாங் வழி வந்த அந்த வீட்டில் துவான்ஹுவா வாரிசாகிச் சின்வாங் ஆனார். அவருடைய தம்பி சூஷூன் 1836இல் பெற்றது மூன்றாம் வகுப்பு ஃபூகுவோ தளபதி. அண்ணனுக்கு ஆண்டுக்கு 10,000 லியாங், தம்பிக்கு 260. தகப்பன் ஒருவரே. சூஷூன் பிறகு தன் திறமையால் பேரரசின் மிகச் செல்வாக்குள்ள அமைச்சர்களில் ஒருவராக உயர்ந்தார். ஆனால் அது பதவி, பட்டம் அல்ல. பதவியையும் பட்டத்தையும் ஒன்றாகக் கருதினால் சிங் அரசியலில் எதுவும் விளங்காது.

இறங்கும் கணக்கு

பொது விதி எளியது. ஒவ்வொரு வாரிசு மாற்றத்துக்கும் ஒரு படி இறக்கம். ஆனால் அடிமட்டம் வரை விழாமல் தடுக்க ஒரு தளம் இருந்தது. சின்வாங் வழி ஐந்தாம் படியில் நின்றுவிடும், ஜுன்வாங் வழி ஆறாம் படியில், பெய்லே வழி ஏழில், பெய்ஸே வழி எட்டில். அதற்குப் பிறகு அதே படி தொடரும்.

பணத்தில் பார்த்தால் சின்வாங் வீட்டின் மானியம் 10,000, 5,000, 2,500, 1,300, 700 என்று இறங்கும். நான்கு வாரிசு மாற்றத்தில் நூற்றுக்கு ஏழு பங்குதான் மிச்சம். வீட்டிலோ அதற்குள் வேலையாட்களும் பிள்ளைகளும் பல மடங்கு பெருகியிருப்பார்கள்.

ஒரு நிஜ வீட்டின் கணக்கு இது. சியன்லோங்கின் 11ஆம் மகன் யோங்சிங், செங் சின்வாங். (மேலே வந்த ஜிர்கலாங்கின் செங் வீடு வேறு, சீன எழுத்தும் வேறு.) நல்ல கையெழுத்துக் கலைஞர் என்று பெயர் பெற்றவர். 1823இல் இறந்தார். மகனும் பேரனும் அவருக்கு முன்பே போய்விட்டதால், வாரிசு கொள்ளுப்பேரன் ஸாய்ருய். அவர் ஜுன்வாங் ஆனார். மூன்று தலைமுறை தாண்டியும் இறங்கியது ஒரே படி. ஏனென்றால் கணக்கு தலைமுறைக்கு அல்ல, பட்டம் கைமாறுவதற்கு. நடுவில் இருந்த இருவரும் பட்டத்தில் உட்காராததால் அவர்கள் பெயரில் இறக்கம் இல்லை. அடுத்து பூசுவாங், பெய்லே. அடுத்து யூசூ, பெய்ஸே.

யூசூ குடியிருந்தது பெய்ஜிங்கின் பின்ஏரிக் கரையில் உள்ள பழைய சின்வாங் அரண்மனை. அரண்மனைகள் குடும்பச் சொத்து அல்ல. பேரரசர் வீட்டுத் துறையின் உடைமை. அந்தப் படியில் இருக்கும் வரை குடியிருக்கலாம், அவ்வளவே. 1888இல் அந்த அரண்மனை யூசூவிடமிருந்து எடுக்கப்பட்டு, அப்போதைய குவாங்சு பேரரசரின் தந்தையான சுன் சின்வாங் யீசுவானுக்குத் தரப்பட்டது. யீசுவானின் பழைய வீட்டில் பேரரசர் பிறந்திருந்ததால் அதில் இனி யாரும் குடியிருக்கக் கூடாது. அவருக்கு வேறு வீடு வேண்டும். படி இறங்கிய குடும்பம் பெட்டி கட்டியது, படியில் நிலைத்த குடும்பம் உள்ளே வந்தது. அந்த வளாகத்தின் தோட்டப்பகுதிதான் இன்று, சீனக் குடியரசை நிறுவிய சுன் யாட்-சென்னின் மனைவி சூங் சிங்லிங்கின் நினைவில்லம்.

இதே கதை இன்று அருங்காட்சியகமாக இருக்கும் புகழ்பெற்ற கோங் அரண்மனையிலும் நடந்தது. ஊழல் அமைச்சர் ஹேஷென் 1799இல் வீழ்ந்ததும் ஜியாசிங் பேரரசர் அதைத் தன் தம்பி யோங்லினுக்குக் கொடுத்தார். வழக்கமான இறக்கத்தோடு தண்டனை இறக்கங்களும் சேர்ந்து, 1851க்குள் யோங்லின் வழி பத்தாம் படிக்குச் சரிந்திருந்தது. அரண்மனை பேரரசர் சியன்ஃபெங்கின் தம்பி யீசினுக்குப் போயிற்று. யீசின்தான் கோங் சின்வாங்.

இப்படி ஏன் வகுத்தார்கள்?

முந்தைய மிங் வம்சத்தில் நடந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் மஞ்சுக்கள். மிங் இளவரசர்கள் மாகாணங்களில் அரண்மனை கட்டி வாழ்ந்தார்கள். சின்வாங்கின் வாரிசு சின்வாங், மற்ற மகன்கள் எல்லோரும் ஜுன்வாங், ஜுன்வாங்கின் வாரிசு மறுபடி ஜுன்வாங். மேல்படிகள் கரையவே இல்லை. கீழ்ப்படிகள் பெருகிக்கொண்டே போயின. 1562இல் லின் ருன் என்ற அதிகாரி எழுதிய விண்ணப்பத்தில் கணக்கு இருக்கிறது: நாடு முழுவதிலிருந்தும் தலைநகருக்கு வரும் தானியம் ஆண்டுக்கு 40 லட்சம் ஷி (ஷி ஒரு தானிய அளவை), இளவரசர் வீடுகளுக்குத் தர வேண்டிய மானியம் 85 லட்சத்து 30 ஆயிரம் ஷி. வருவதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்.

சிங் ஆட்சி இரண்டு பூட்டுகள் போட்டது. முதலாவது, இளவரசர்களுக்கு ஆளும் நிலம் கிடையாது. எல்லோரும் பெய்ஜிங்கில் பேரரசரின் கண்முன் வாழ வேண்டும், அனுமதி இல்லாமல் தலைநகரை விட்டு வெளியே போகக் கூடாது. இரண்டாவது, படி இறக்கம். கலகமும் செலவும் ஒரே ஏற்பாட்டில் கட்டுப்பட்டன என்பது என் கருத்து. மிங் காலத்தில் பேரரசரின் சித்தப்பா மாகாணத்திலிருந்து படை திரட்டிவந்து அரியணையைப் பிடித்ததுண்டு. சிங் காலத்தில் அப்படி ஒன்று நடக்கவே இல்லை.

இதற்குக் கொடுத்த விலையும் இருக்கிறது. எல்லோரும் ஒரே நகரில் அடைபட்டதால், வேலை செய்யவும் வழியில்லாமல் வெளியேறவும் வழியில்லாமல் மாத உதவித்தொகையை நம்பிய சோங்ஷிக் கூட்டம் பெருகியது. 1813இல் ஜியாசிங் 70 குடும்பங்களை முக்டெனுக்குக் குடியேற்றிப் பார்த்தார். பிரச்சினையின் அளவுக்கு அது போதவில்லை.

இரும்புத் தொப்பி வீடுகள்

சட்டத்தில் இந்தப் பெயர் இல்லை. ஆணையில் வரும் சொல் 'ஷிசி வாங்தி', அதாவது மாறாமல் வழிவழியாக வருவது. 'இரும்புத் தொப்பி' மக்கள் வைத்த பெயர். முதல் எட்டு வீடுகள் நாட்டை நிறுவிய தலைமுறையினர் வழி வந்தவை.

1. லி: நூர்ஹாச்சியின் இரண்டாம் மகன் தாய்ஷான்
2. ருய்: 14ஆம் மகன் தோர்கோன்
3. யூ: 15ஆம் மகன் தோதோ
4. சூ: ஹோங் தாய்ஜியின் மூத்த மகன் ஹூகே
5. செங்: நூர்ஹாச்சியின் தம்பி மகன் ஜிர்கலாங்
6. சுவாங்: ஹோங் தாய்ஜியின் ஐந்தாம் மகன் ஷோஸே
7. கெசின்: தாய்ஷானின் மகன் யோதோ
8. ஷுன்செங்: தாய்ஷானின் பேரன் லெக்தெஹுன்

கடைசி இரண்டும் ஜுன்வாங் படி. ஆக இரும்புத் தொப்பி என்றால் உச்சப் படி என்று பொருள் இல்லை. இறங்காது என்றுதான் பொருள்.

பிற்காலத்தில் நான்கு வீடுகள் சேர்ந்தன: யோங்செங்கின் நம்பிக்கைக்குரிய தம்பி யின்சியாங்கின் யீ வீடு, யீசினின் கோங் வீடு, யீசுவானின் சுன் வீடு, 1908இல் யீகுவாங்கின் சிங் வீடு.

எட்டு வீடுகளும் தொடக்கம் முதல் உடையாமல் வந்தன என்று பலரும் எழுதுகிறார்கள். அது சரியல்ல. தோர்கோன் 1650 கடைசியில் இறந்தார். மறு ஆண்டே துரோகி என்று பட்டம் பறிக்கப்பட்டது. அவருடைய கூடப்பிறந்த தம்பி என்பதால் தோதோவின் பட்டமும் அவர் இறந்த பிறகு ஜுன்வாங்காகக் குறைக்கப்பட்டது. மற்ற வீடுகளின் பெயர்களும் மாறின: லி வீடு 'காங்' ஆயிற்று, செங் வீடு 'ஜியன்' ஆயிற்று, கெசின் வீடு 'பிங்' ஆயிற்று. 1778இல்தான் சியன்லோங் தோர்கோனுக்கு மன்னிப்பு வழங்கி ருய் பட்டத்தை மீட்டார்; பழைய பெயர்களையும் மீட்டு, எட்டுப் பேரையும் பேரரசரின் மூதாதையர் கோயிலில் ஒன்றாக வைத்தார். 'எட்டு இரும்புத் தொப்பிகள்' என்ற முழு உருவம் அந்த ஆணையில் பிறந்தது. எனவே 1700வாக்கில் 'காங் சின்வாங்' என்று ஒரு பெயர் வந்தால் புதிய வீடு என்று தேட வேண்டாம். அது தாய்ஷான் வீடுதான்.

இரத்தத் தொடர்ச்சியும் உறுதியில்லை. ஷோஸேயின் மகன் 1723இல் பிள்ளையில்லாமல் இறந்ததும், யோங்செங் தன் தம்பி யின்லுவைத் தத்து வாரிசாக அங்கே அனுப்பினார். அதன் பிறகு சுவாங் சின்வாங் எல்லோரும் காங்சி பேரரசரின் வழியினர். பட்டம் வீட்டுக்குச் சொந்தம், யாரை அந்த வீட்டில் உட்கார வைப்பது என்பது பேரரசருக்குச் சொந்தம்.

தொப்பி காக்கும், தலையைக் காக்காது

1861 ஆகஸ்டில் சியன்ஃபெங் இறந்தார். சிறுவனான அவர் மகனுக்காக ஆள அமைந்த எட்டுப் பேர் கொண்ட ஆட்சிக் குழுவில் யீ சின்வாங் ஸாய்யுவானும் செங் சின்வாங் துவான்ஹுவாவும் முதல் இரண்டு பேர். இருவரும் இரும்புத் தொப்பி. நவம்பரில் அந்தச் சிறுவனின் தாயான சிசி பேரரசியும் யீசினும் சேர்ந்து குழுவைக் கவிழ்த்தார்கள். இரண்டு சின்வாங்குகளும் தற்கொலை செய்துகொள்ள ஆணை. தம்பி சூஷூனுக்குச் சந்தையில் சிரச்சேதம். இரண்டு வீடுகளின் பட்டமும் எட்டாம் படிக்கு இறக்கப்பட்டது. ஆனால் 1864இல் தைப்பிங் கலகக்காரர்களிடமிருந்து நான்ஜிங் மீட்கப்பட்ட மகிழ்ச்சியில் இரண்டும் மீண்டும் சின்வாங் ஆயின, வேறு உறவினர்கள் கையில். 1901இல், வெளிநாட்டவரை எதிர்த்த பாக்ஸர் கலகத்துக்குத் துணைநின்ற சுவாங் சின்வாங் ஸாய்சூனுக்கும் தற்கொலை ஆணை வந்தது; பட்டம் அவருடைய தம்பிக்குப் போயிற்று.

யீசினுக்கே 1874இல் ஒரு நாள் தொப்பி போயிற்று. அண்ணன் மகனான டோங்சி பேரரசர் கோபத்தில் அவரை ஜுன்வாங்காக இறக்கினார். மறுநாள் பேரரசிகள் தலையிட்டு மீட்டார்கள்.

ஏறியவர்களும் உண்டு. யோங்லினின் வழியில் 1850இல் யீகுவாங்குக்குக் கிடைத்தது ஃபூகுவோ தளபதி என்ற பத்தாம் படி. 1852இல் பெய்ஸே, 1860இல் பெய்லே, 1872இல் 'ஜுன்வாங் மரியாதையோடு கூடிய பெய்லே', 1884இல் சிங் ஜுன்வாங், 1894இல் சின்வாங், 1908இல் இரும்புத் தொப்பி. இடையில் வரும் 'மரியாதையோடு' என்பதைக் கவனிக்க வேண்டும்: அது ஆளுக்குத் தரும் கௌரவம், பரம்பரைக்குச் சேராது. இவரை இத்தனை படி ஏற்றியது சிசியின் தயவு. 1911இல் பேரரசின் முதல் பிரதமரானவரும் இவரே. பெருமளவு அரசகுலத்தவரால் நிரம்பிய அந்த அமைச்சரவை, அரசியல் சீர்திருத்தம் கேட்டவர்களின் கடைசி நம்பிக்கையையும் அழித்தது.

பெயரைப் படிக்கும் முறை

1. 'கோங்', 'சுன்', 'லி' எல்லாம் ஊர்ப் பெயரும் இல்லை, ஆள் பெயரும் இல்லை. பட்டத்தோடு தரப்படும் அடைமொழிகள். 'கோங்' என்றால் பணிவு. 'கோங் சின்வாங்' என்று மட்டும் எழுதினால் எந்தத் தலைமுறை என்று தெரியாது.

2. இறந்த பின் இன்னோர் எழுத்து சேரும். யீசின் 'கோங்சோங்' ஆனார், யீசுவான் 'சுன்சியன்' ஆனார். இப்படி இரட்டை எழுத்து வந்தால் இறந்தவரைப் பற்றிய பேச்சு.

3. ஆள் பெயரின் முதல் எழுத்து தலைமுறையைச் சொல்லும். காங்சியின் மகன்களிலிருந்து வரிசை இது: யின், ஹோங், யோங், மியன், யீ, ஸாய், பூ, யூ, ஹெங், சி. கடைசிப் பேரரசர் பூயீ, அவர் தந்தை ஸாய்ஃபெங், பாட்டனார் யீசுவான் என்று வைத்துப் பாருங்கள், சரியாக வரும். நெருங்கிய உறவினர்களுக்கு இரண்டாம் எழுத்திலும் பொதுக் குறி இருக்கும். பூயீ, அவர் தம்பி பூஜியே இருவருக்கும் 'மனிதன்' குறி.

4. பேரரசரின் பெயரெழுத்தை மற்றவர் வைத்திருக்கக் கூடாது. யோங்செங் அரியணை ஏறியதும் சகோதரர்களின் 'யின்' எல்லாம் 'யுன்' ஆயிற்று. 1730இல் யின்சியாங் இறந்தபோது அவருக்கு மட்டும் 'யின்' திருப்பித் தரப்பட்டது. ஒரே ஆள் இரண்டு பெயரில் வருவது இதனால்தான்.

5. தமிழில் எழுதும்போது சில பெயர்கள் கலந்துபோகும். வம்சத்தின் 'சிங்' தெளிவு என்று பொருள்படும் எழுத்து. யீகுவாங் வீட்டின் 'சிங்' கொண்டாட்டம் என்று பொருள்படும் வேறு எழுத்து. 'யீ', 'யூ' வீடுகளும் 'யீ', 'யூ' தலைமுறைகளும் அப்படியே.

6. மங்கோலியத் தலைவர்களுக்கும் சின்வாங், ஜுன்வாங், பெய்லே, பெய்ஸே பட்டங்கள் தரப்பட்டன. பெயர்கள் ஒன்றே, அமைப்பு வேறு. அவர்களுக்கு ஆளும் நிலம் இருந்தது, அவர்களைக் கவனித்ததும் வேறு துறை.

1912க்குப் பிறகு

பூயீ அரியணை துறந்தபோது குடியரசு ஒப்புக்கொண்ட சலுகை விதிகளில், இளவரசர் பட்டங்கள் முன்போலவே தொடரும் என்று இருந்தது. அதனால்தான் 1917இல் யீகுவாங் இறந்ததும் அவர் மகன் ஸாய்சென் சிங் சின்வாங் ஆனார். அதற்கு அனுமதி தந்தவர் குடியரசுத் தலைவர் லி யுவான்ஹோங்.

பட்டம் தொடர்ந்தது, மானியம் தொடரவில்லை. கோங் வீட்டின் வாரிசு, யீசினின் பேரன் பூவெய், 1912இல் அரண்மனையின் கலைப்பொருள்களை யமனாகா என்ற ஜப்பானிய வணிக நிறுவனத்துக்கு விற்றார். 1913இல் நியூயார்க்கில் அவை ஏலத்துக்கு வந்தன. அரண்மனை அடமானத்துக்குப் போனது. 1924 நவம்பர் 5 அன்று படைத்தலைவர் ஃபெங் யூசியாங்கின் படை பூயீயை அரண்மனை நகரிலிருந்து வெளியேற்றியது. திருத்திய விதிகளில் பேரரசர் என்ற பட்டமே நீக்கப்பட்டது.

மேலே சொன்ன நடைமுறைப்படி ஒரு வாரிசு செல்லுபடியாக இரண்டு வேண்டும்: குலமன்றத்தின் பதிவு, பேரரசரின் ஒப்புதல். இரண்டும் இல்லாத பிறகு, 'இன்றைய மஞ்சு இளவரசர்' என்று செய்தியில் வருகிறவருக்கு ஐசின் கியோரோ பிறப்பு இருக்கலாம், பெயரின் முதல் எழுத்தில் ஹெங் அல்லது சி இருக்கலாம், முன்னோர் எந்தப் படியில் இருந்தார் என்று பழைய ஏட்டில் காட்டவும் முடியலாம். ஆனால் அந்தப் படியை அவர் பெயரில் எழுதித்தர யாரும் இல்லை.